மணலில் இறங்கும் கிணறு

திருகோணமலைக் கரையோரத்து உப்புவெளியிலோ நிலாவெளியிலோ கிணறு வெட்ட நினைப்பவர், எத்தனை அடியில் தண்ணீர் வரும் என்பதைவிட எத்தனை அடியோடு நிறுத்த வேண்டும் என்பதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். மணலுக்குள் ஊறிய மழைநீர், தன்னைவிடப் பாரமான கடல்நீரின் மேல் மிதந்தபடி கிடக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. அதே கணக்குப்படி, இறைத்து இறைத்து மட்டத்தை ஒரு அடி இறக்கினால், அடியிலிருக்கும் உவர் 40 அடி மேலேறப் பார்க்கும். கரையோரத்தில் ஆழமான குழாய்க் கிணற்றைவிட, ஆழம் குறைந்து வாய் அகன்ற கட்டுக் கிணற்றையே நான் விரும்புவது இதனால்தான்.

மணலில் முதலில் குழியை வெட்டிவிட்டுப் பிறகு சுவரைக் கட்ட முடியாது; வெட்ட வெட்டச் சரியும். ஆகவே கொங்கிறீற் வளையத்தை நிலத்தில் வைத்து, அதற்குள் ஆள் இறங்கி மண்ணை அள்ளுவார். வளையம் தன் பாரத்திலேயே கீழிறங்க, அதன் மேல் அடுத்த வளையத்தை ஏற்றுவார்கள். கேட்பதற்கு எளிதாக இருந்தாலும், ஒரு பக்கத்து மண்ணைக் கூடுதலாக அள்ளிவிட்டால் வளையம் சாய்ந்துவிடும். சாய்ந்ததை நிமிர்த்துவது பெரும்பாடு. அதனால் அனுபவமுள்ள மேசன்மார் சுற்றிவரச் சமமாக அள்ளச் சொல்லி, அடிக்கடி தூக்குக்குண்டு பிடித்துப் பார்ப்பார்கள். தண்ணீர் கண்ட பிறகு இறைத்துக்கொண்டே அள்ள வேண்டும். ஆனால் அவசரப்பட்டு இறைத்தால், வெளியிலுள்ள மணல் வளையத்தின் அடியால் உள்ளே ஓடிவந்துவிடும். கீழ் வளையங்களின் பொருத்துகளைத் தண்ணீர் ஊறும்படி பூசாமல் விட்டு, மேல் வளையங்களின் பொருத்துகளைச் சீமெந்தால் அடைத்து, அடியில் சல்லி பரப்பினால் கிணறு முடிந்தது. மேலே சுற்றுக்கட்டும், கழிவுநீர் விலகி ஓடச் சாய்வான தளமும் கட்டாயம் வேண்டும். இவ்வளவையும் கச்சான் காற்று வீசும் ஆவணி, புரட்டாதியில், நீர்மட்டம் அடியில் கிடக்கும்போது செய்ய வேண்டும்; மாரியில் வெட்டிய கிணறு அடுத்த கோடையில் வற்றினால் வியப்பதற்கில்லை.

உள்நாட்டுப் பக்கம் போனால் நிலைமை வேறு. அங்கே கீழே கருங்கல். அலவாங்கும் வெடியும் வேண்டும். பாறை வெடிப்புகளில் தண்ணீர் மெதுவாகவே ஊறுவதால், இரவில் ஊறியதைச் சேர்த்து வைக்கும்படி தோட்டக் கிணறுகளை அகலமாக வெட்டுவார்கள். குழாய்க் கிணற்றுக்கு உரிய இடமும் அதுவே. இரும்பு உளி பாறைக்குள் இறங்க, மேலுள்ள தளர்ந்த மண்ணுக்கு மட்டும் குழாய் போட்டால் போதும். (கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இந்தக் கணக்குகளில் அடங்காதவை, நிலத்தடியில் ஆழத்தில் சூடேறிய நீர் வெடிப்புகளின் வழியே தானாகவே மேலே வருகிறது.)

2004 சுனாமிக்குப் பின் கரையோரக் கிணறுகளைத் துப்புரவாக்கவென்று பலமான பம்புகளால் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். சேற்றை அகற்ற அது வேண்டியதுதான். ஆனால் அளவுக்கு மீறி இறைத்த இடங்களில் உவர் கூடியதே தவிரக் குறையவில்லை. அதன் பிறகும் மோட்டரின் உறிஞ்சு குழாயைக் கிணற்றின் அடிமட்டத்தில் வைத்து, தாங்கி நிரம்பும்வரை ஒரே மூச்சில் இறைக்கும் வழக்கம் எங்கள் பக்கத்தில் மாறவில்லை. குழாயை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே கட்டி, காலையும் மாலையுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால், பங்குனி வெயிலிலும் தேநீருக்கு ஏற்ற தண்ணீர் கிடைக்கும்.