அம்மாவின் பார் வைத்த சைக்கிள்

ஆடிக்காற்றில் கிழக்குப் பக்கம் சைக்கிள் மிதிப்பவருக்குத் தற்பெருமை வந்துவிடும். புதுக்கோட்டையிலிருந்து திருவரங்குளம் வரை எங்கும் காலை ஊன்றாமல் பறந்தேன். நம்ம கால்தானா இது என்று எனக்கே சந்தேகம். முதுகைப் பிடித்துத் தள்ளியது காற்று என்பது திரும்பி வரும்போதுதான் தெரிந்தது.

போகவேண்டிய ஊர் நெடுவாசல். வீட்டிலிருந்து 40 கிலோமீட்டர் இருக்கும். 2017-லேயே போயிருக்க வேண்டியது. அந்தப் பிப்ரவரியில் ஹைட்ரோகார்பன், அதாவது பூமிக்கடியில் இருக்கும் எண்ணெயும் எரிவாயுவும், எடுக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த 31 இடங்களில் நெடுவாசலும் ஒன்று. அதை எதிர்த்து ஊரே திடலில் உட்கார்ந்தது. ஜல்லிக்கட்டுப் போராட்டச் சூடு ஆறாத நேரம் என்பதால் கல்லூரிப் பிள்ளைகளும் வண்டி வண்டியாக வந்து இறங்கினார்கள். நான் சென்னையில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து செல்போனில் எல்லாவற்றையும் பகிர்ந்துகொண்டிருந்தேன். அம்மா மட்டும் பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலு பேரோடு ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்விட்டு வந்தார். "நீ வரலையாடி?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார்.

அம்மாவுக்கு இதெல்லாம் புதிதில்லை. 1991-இல் எங்கள் மாவட்டத்தில் எழுத்தறிவு கற்றுக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் வந்தபோது அம்மாவுக்கு 24 வயது, நான் இடுப்பில். கையெழுத்துப் போடக் கற்றதும் சைக்கிள் ஓட்டக் கற்றதும் ஒரே வருடம். எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தது அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில்தான். சைக்கிள் வாங்கப் பெண்களுக்கு வங்கிக் கடன் கிடைக்கவும் அவர் வழி செய்தார். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடு. அதனால் அம்மா வாங்கியது பார் வைத்த ஜென்ட்ஸ் வண்டி. கண்மாய்க் கரையில் ராத்திரியில் பழகினாராம், பகலில் ஆம்பளைகள் சிரிப்பார்கள் என்று. அந்தப் பாரில் துண்டைச் சுற்றி என்னை உட்கார வைப்பார். 1992 மகளிர் தினத்தில் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு போன 1,500-க்கும் மேற்பட்ட பெண்களில் அம்மாவும் உண்டு.

அந்த ஊர்வலத்தை விட எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்த வாரங்கள்தான். அதுவரை கூட்டம் என்றால் அப்பா கூட்டிப்போக வேண்டும், இல்லை கடைசி பஸ் எப்போது என்று பார்த்துப் பாதியில் எழுந்து வர வேண்டும். சைக்கிள் வந்த பிறகு அம்மா கூட்டம் முடியும் வரை உட்கார்ந்தார். கடைசி வரை உட்கார்ந்தால்தானே கேள்வி கேட்க முடியும்? இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை ஒரே நிற பனியன் போட்டு 'விழிப்புணர்வு' சைக்கிள் பேரணி போகிறோமே (நானும்தான் போகிறேன்), முடிந்ததும் நேராக இட்லிக் கடை.

சரி, வழிக்கு வருகிறேன். வம்பன் தாண்டி ஆலங்குடிக்குள் நுழையும்போது பின்சக்கரத்தில் கருவேல முள். சைக்கிள் கடைப் பெரியவர் டியூபைத் தண்ணீரில் முக்கி, குமிழி வந்த இடத்தைக் கண்டுபிடித்து ஒட்டிவிட்டார். காற்றடிக்கத்தான் முடியவில்லை. என் வண்டி வால்வு ஊசி போல இருக்கும், அவர் பம்பு அதில் நிற்காது. "இம்புட்டு வெல குடுத்து வாங்கி, காத்தடிக்க வழியில்லையாம்மா?" பைக்குள் துழாவி, சட்டைப் பொத்தான் அளவு அடாப்டரைக் கண்டெடுக்க இருபது நிமிடம் ஆனது.

வடகாட்டுக்கு மேல் நிறம் மாறிவிடுகிறது. செம்மண், பலா, வாழை, பூந்தோட்டம். ஆற்றுப் பாசனம் பார்த்த கண்ணுக்கு இது அதிசயம், எல்லாம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். பூமிக்குள் துளை போடுவது இவர்களுக்குப் பழக்கம்தான், அதனால்தான் பயந்தார்கள். அந்தத் தண்ணீர் கெட்டால் வேறு தண்ணீர் கிடையாது. நல்லாண்டார்கொல்லை, வடகாடு என்று பக்கத்து ஊர்களும் உட்கார்ந்தது அதற்காகத்தான். 2018 நவம்பரில் கஜா புயல் வந்து பலாவையும் தென்னையையும் வேரோடு சாய்த்ததற்கு யாரிடம் போய் உட்காருவது? 2020-இல், புதிதாக எண்ணெய், எரிவாயு எடுக்கத் தடை போடும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தபோது நெடுவாசல் இருக்கும் திருவரங்குளம் ஒன்றியமும் அதில் இடம்பெற்றது. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த திட்டங்களை அந்தச் சட்டம் தொடவில்லை என்ற குறை எனக்கு உண்டு.

நெடுவாசல் டீக்கடையில் ஹெல்மெட்டைக் கழற்றினேன். பெஞ்சில் இருந்த அக்கா எங்கிருந்து வருகிறேன் என்று விசாரித்தார். போராட்டம் நடந்த இடத்தைப் பார்க்க வந்ததாகச் சொன்னேன்.

"அப்ப எல்லாரும் வேன்ல வந்தாங்க. நீ என்னம்மா இம்புட்டு லேட்டா சைக்கிள்ல வர்ற?"

பதில் இல்லை. டீக்குக் காசு கொடுக்கப் போனால் வாங்க விடவில்லை.

திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் கைவைத்து நிறுத்தியது. வீடு சேர இருட்டிவிட்டது. அம்மா வாசலில் நின்று என்னைப் பார்க்கவில்லை, வண்டியைத்தான் பார்த்தார். சீட்டைத் தட்டி, கேரியர் எங்கே என்று கேட்டார். இந்த வண்டிக்குக் கேரியர் கிடையாது என்றேன்.

"அப்ப கூட்டத்துக்கு இன்னொருத்திய எப்படிடி கூட்டிட்டுப் போவ?"