எந்த முட்டு மக்கா?

2020 நவம்பர் 20. கொரோனா காலம். கோவாவில் ஆளில்லாத மைதானத்தில் ஐஎஸ்எல் கால்பந்துத் தொடரின் முதல் ஆட்டம்: ஏடிகே மோகன் பகானும் கேரளா பிளாஸ்டர்ஸும். எங்கள் பக்கத்துப் பையன் மைக்கேல் சூசைராஜ் ஆடுகிறார் என்பதற்காகவே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, கீழே விழுந்தார். எழுந்து ஆட முடியவில்லை. வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள்.

அடுத்த நிமிடம் என் போன் அடித்தது. கொச்சி தோப்பும்படி துறைமுகத்திலிருந்து என் பள்ளிக்கூட நண்பன். வணக்கம், சுகமா, ஒன்றும் கிடையாது. "எந்த முட்டு மக்கா?" என்றான். முழங்காலைத்தான் எங்கள் பக்கம் முட்டு என்போம். சொன்னேன். "உள்ளுக்குத் திரும்பிச்சா, வெளியவா?"

அவன் ஏன் அப்படிக் கேட்டான் என்று எனக்குத் தெரியும். எங்கள் பள்ளி அணியில் இடது ஓரத்தில் ஓடி ஆடும் லெஃப்ட் விங் அவன். பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டான், அதனால் அவன் என்றே எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் என்றால் தூத்தூர் வட்டாரம். குமரி மாவட்டத்தின் மேற்குக் கோடி. நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, ஆற்று முகத்தில் இரயுமன்துறை என்று ஒட்டி ஒட்டிக் கிடக்கும் எட்டு ஊர்கள். நீரோடியைத் தாண்டினால் கேரளா. அங்கே முதலில் வரும் பொழியூரும் பந்து ஊர்தான். எங்கள் ஆட்களுக்கு ஆழ்கடலில் சுறாவும் சூரையும் பிடிப்பது தொழில். கரையில் இருக்கும் நாட்களில் பந்து. கோயில் திருவிழா வந்தால் கொடியேற்றுக்கு அடுத்தபடியாக எல்லோரும் கேட்பது எந்த ஊர் டீம் வருகிறது என்பதைத்தான்.

கடற்கரை மணலில் ஆடிப் பழகியவனின் கால் வேறு மாதிரி இருக்கும். காய்ந்த மணலில் பந்து உருளாது. தட்டிவிட்டுப் பின்னால் ஓடலாம் என்று நினைத்தால் பந்து போட்ட இடத்திலேயே கிடக்கும். அதனால் அவன் ஒன்று செய்வான். இடது கால் விரல்களைப் பந்துக்கு அடியில் கொடுத்து நாலு விரல்கடை உயரத்துக்குத் தூக்குவான். எதிரில் இருப்பவன் காலை நீட்டுவதற்குள் பந்து அந்தக் காலைத் தாண்டியிருக்கும். விழுவதற்கு முன்பே அந்தப் பக்கம் போய்ப் புறங்காலில் வாங்கிக்கொள்வான். பள்ளி மைதானம் இறுகிய செம்மண். முதல் ஒரு மாதம் அவன் தூக்கிய பந்தெல்லாம் குதித்து வெளியே ஓடியது. அப்புறம் எவ்வளவு தூக்க வேண்டும் என்று காலுக்குப் பிடிபட்டுவிட்டது. அதன் பிறகு குறுவட்டப் போட்டியில் அவனை நிறுத்த ஆள் இல்லை. ரைட் பேக் ஆடிய நான் பயிற்சியில் தினமும் அவனுக்கு எதிரே நின்றவன். அந்தக் கால் எங்கே போகும் என்று எனக்கே கடைசி வரை தெரியாது.

2002-இல் நாங்கள் பிளஸ் டூ. வருவாய் மாவட்ட அரையிறுதி, நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கம். இரண்டாம் பாதியில் ஒரு பந்துக்குக் குதித்துவிட்டு இறங்கினான். கால் தரையில் ஊன்றி நிற்க, உடம்பு மட்டும் திரும்பியது. யாரும் அவனை இடிக்கவில்லை. கம்பு ஒடிகிற மாதிரி ஒரு சத்தம், எனக்கு நன்றாகவே கேட்டது.

ஊர் வைத்தியரான ஆசான் எண்ணெய் போட்டுக் கட்டினார். அப்புறம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து, எலும்பில் ஒன்றுமில்லை என்றார்கள். எலும்பில் ஒன்றுமில்லைதான். ஆனால் எக்ஸ்ரேயில் தசைநார் தெரியாது. முட்டுக்குள் இருக்கும் அந்தத் தசைநாருக்கு ஏசிஎல் என்று பெயர்; அந்த வார்த்தையை அப்போது எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. இரண்டு மாதத்தில் வீக்கம் வற்றியது, நேராக ஓடினான், நாங்களும் சரியாகிவிட்டது என்று நம்பினோம். மைதானத்தில் இறங்கி முதல் தடவை வெட்டித் திரும்பியபோது முட்டு விலகிக் கீழே உட்கார்ந்தான். திரும்ப முடியாத லெஃப்ட் விங் என்ன செய்வான்? அடுத்த ஆண்டு போட்டில் ஏறினான். இன்று ஸ்ராங்கு, அதாவது போட்டை ஓட்டும் தலைவன்; ஒரு போட்டும் பத்துப் பன்னிரண்டு பேரும் அவன் பொறுப்பில்.

எங்கள் கோல் கீப்பருக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சென்னையில் அரசு வேலை கிடைத்தது. அந்தக் காலத்தில் எங்களுக்குப் பந்து என்றால் வேலை என்றுதான் அர்த்தம். இந்தியன் வங்கி, ஐசிஎஃப், கஸ்டம்ஸ் என்று சென்னை அணிகளின் பெயர்களை ஜெபம் மாதிரி மனப்பாடம் செய்து வைத்திருந்தோம். இந்தியன் வங்கிக்கு ஆடி, இந்தியாவுக்கும் ஆடிய சபீர் பாஷாதான் எங்கள் பி.டி. சார் காட்டும் உதாரணம். தஞ்சாவூர்க்காரர் குலோத்துங்கன் இருந்த ஈஸ்ட் பெங்கால் 2003-இல் ஜகார்த்தாவில் ஆசியான் கோப்பையை வென்ற செய்தியைப் பேப்பரிலிருந்து வெட்டி ஸ்டாஃப் ரூம் கதவில் ஒட்டினார். நாங்கள் அப்போது பள்ளியை விட்டுப் போய்விட்டோம். சான்றிதழ் வாங்கப் போன அன்று பார்த்தேன்.

எங்கள் சென்டர் பேக்கைப் பற்றி நீளமாக எழுத முடியவில்லை. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். கடலுக்குப் போயிருந்தான். வரவில்லை. ஐ-லீக் தொடங்கி ஒரு வாரம்கூட ஆகாத நேரம் அது. சென்னை சிட்டி அணியில் சூசைராஜும் அவருடைய அண்ணன் ரெஜினும் இருந்தார்கள். கரையில் பெயர் பட்டியல் கேட்டுப் பெண்கள் அழுதுகொண்டிருந்தபோது, அந்த இரண்டு பேரும் கோயம்புத்தூரில் எப்படிப் பந்தைத் தொட்டிருப்பார்கள் என்று நான் இன்றும் நினைப்பதுண்டு. ஆடினார்கள். நன்றாகவே ஆடினார்கள். அந்த சீசனுக்குப் பிறகுதான் சூசைராஜை ஜாம்ஷெட்பூர் எடுத்தது, அங்கிருந்து ஏடிகே, 2019-இல் இந்தியச் சட்டை.

போனில் அவன் கடைசியாக ஒன்று கேட்டான். "அவனுக்கு ஆபரேஷன் செய்வாங்க இல்ல?"

"செய்வாங்க. நல்லா செய்வாங்க."

"அப்ப சரி" என்று வைத்துவிட்டான். சூசைராஜ் அந்த சீசன் முழுவதும் ஆடவில்லை. ஆனால் திரும்பி வந்தார், மறுபடி களத்தில் ஓடினார். அதைப் பார்த்த அன்று நான்தான் அவனுக்கு முதலில் போன் செய்தேன். கடலில் இருந்தான், கிடைக்கவில்லை.

ஒரு முறை போனால் முப்பது, நாற்பது நாள். டவர் கிடையாது. அதனால் தங்கல் என்று நாங்கள் சொல்லும் ஒவ்வொரு கடல் பயணத்துக்கும் முன்னால் ஒரு பென் டிரைவ் கொடுத்துவிடுவான், நான் ஆட்டங்களை ஏற்றித் தருவேன். ஸ்ராங்கு அறையில் சின்ன டிவி இருக்கிறது. போன மாதமும் வந்தான். புது ஆட்டங்கள் என்னென்ன இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாம் போடு, கூடவே பழைய ஃபைனலையும் போடு என்றான். 2020 மார்ச் 14, ஃபட்டோர்டா, ஏடிகே 3, சென்னையின் எஃப்சி 1. சூசைராஜ் இடது ஓரத்தில் ஓடுகிற ஆட்டம். முன்பே இரண்டு முறை கொடுத்திருக்கிறேனே என்றேன்.

"அது அழிஞ்சு போச்சு மக்கா. இன்னொண்ணு போடு."