ஒரு கமாவில் காணாமல் போன பெட்டி

செய்முறைத் தேர்வில் கியூபேசிக் என்ற நிரல்மொழியில் படம் வரையும் கேள்வி வந்தால் தைரியமாக எடுங்கள். கோட்டுக்கும் பெட்டிக்கும் சேர்த்து ஒரே கட்டளைதான், லைன். ஆனாலும் அந்த ஒரு கட்டளையில்தான் பள்ளித் தேர்வில் எனக்கு 20 நிமிடம் போனது.

தேசியக் கொடி வரையச் சொல்லியிருந்தார்கள். முதலில் வெளிச்சட்டம். நிறம் எதுவும் வேண்டாம் என்று நினைத்து, லைன் (100,100)-(369,279), பி என்று அடித்தேன். பி என்றால் பெட்டி. ஓட்டிப் பார்த்தால் திரை முழுக்கக் கருப்பு. பிழைச் செய்தியும் வரவில்லை. எண்களை மாற்றினேன், வரியை அழித்துத் திரும்ப அடித்தேன், அப்போதும் கருப்புதான்.

அடைப்புக்குறிக்கு அடுத்த கமாவுக்குப் பின் வருவது நிறத்தின் இடம். அங்கே பி இருந்ததால் கியூபேசிக் அதை ஒரு மாறியாக, அதாவது மதிப்பைப் போட்டு வைக்கும் பெயராக எடுத்துக்கொண்டது. மதிப்பு கொடுக்காத மாறிக்கு 0. நிற எண் 0 என்றால் கருப்பு. அதாவது பெட்டிக்குப் பதில் ஒரு சாய்கோடு, கருப்புத் திரையில் கருப்பாகவே விழுந்திருக்கிறது! நிறம் சொல்லாவிட்டாலும் அதன் இடத்தை விட வேண்டும்: இரண்டு கமா, அப்புறம் பி. உள்ளே நிறம் நிரம்ப வேண்டுமென்றால் பிஎஃப்.

நிரல் முதல் வரியில் ஸ்கிரீன் 12 இருக்கட்டும். அதை விட்டால் எழுத்துத் திரையிலேயே நிற்கும். லைன் வரிக்கு வந்ததும் 'இல்லீகல் ஃபங்ஷன் கால்' என்று நின்றுவிடும். ஸ்கிரீன் 12 தருவது 640க்கு 480 புள்ளிகள், 16 நிறங்கள். எண்ணிக்கை 0வில் தொடங்குவதால் வலது ஓரம் 639, கீழ் ஓரம் 479. கணக்கு வகுப்பு வரைபடத்தில் மேலே போனால் ஒய் கூடும்; இங்கே கீழே போனால்தான் கூடும். வீடு வரைந்தால் கூரை தரைக்குக் கீழே போய்விடுவது இதனால்தான். இன்னொன்று, லைன் கேட்பது எதிரெதிர் மூலைகள் இரண்டை. இரண்டாவது அடைப்புக்குறியில் அகலம், உயரம் எழுதிவிடாதீர்கள்.

அதனால் விசைப்பலகையைத் தொடும் முன் கட்டம் போட்ட தாளில் மூலைகளைக் குறித்துவிடுங்கள். கொடியின் நீள அகல விகிதம் 3:2. நீளம் 270, உயரம் 180 என்று வைத்தால் பட்டைக்கு 60 புள்ளி, மீதி இல்லாமல் வகுபடும். மேல் பட்டை 100 முதல் 159 வரை, அடுத்தது 160 முதல் 219, கடைசி 220 முதல் 279. முதல் பட்டையை 160 வரை இழுத்தாலும் வெள்ளை வந்து மூடிவிடும். கடைசிப் பட்டையை 280க்கு விட்டால் மறைக்க ஆளில்லை, சட்டத்துக்கு வெளியே தெரியும். 16 நிறங்களில் காவி கிடையாது. நான் 12, அதாவது வெளிர் சிவப்பு வைத்தேன். வெள்ளைக்கு 15, பச்சைக்கு 2.

சக்கரம்தான் கேள்வியிலேயே அழகான பகுதி. வட்டத்துக்கு சர்க்கிள் (235,190), 25, 1: நடுப்புள்ளி, நடுவிலிருந்து ஓரம் வரை தூரம், நீல நிறம். ஆரங்கள் 24, ஆளுக்கு ஒரு வரி எழுதத் தேவையில்லை. ஒரே வரியைத் திரும்பத் திரும்ப ஓட்ட, 0 முதல் 23 வரை ஒரு ஃபார் சுற்று. ஒவ்வொரு முறையும் கோணம் 15 பாகை கூட, நடுப்புள்ளியிலிருந்து ஒரு கோடு. முனையின் எக்ஸ், 235 + 25 பெருக்கல் காஸ்; ஒய், 190 + 25 பெருக்கல் சைன். காஸும் சைனும் கோணத்தைப் பாகையில் வாங்காது, ரேடியன் என்ற அளவில்தான் வாங்கும். பாகையை 3.14159ஆல் பெருக்கி 180ஆல் வகுக்க மறந்தால் ஆரங்களுக்கு இடைவெளி ஒரே அளவாக வராது.

வெளிச்சட்டத்தைக் கடைசியில் வரையுங்கள். நான் முதலில் வரைந்ததால், கமாவைச் சரிசெய்த பிறகும் பட்டைகள் அதன் மேல் ஏறி மூடிவிட்டன. அந்த வரியை வெட்டி நிரலின் அடியில் ஒட்டியதும் கொடி சட்டத்தோடு வந்தது.