ஊரை விட்டு நகராத நிலக்கரி

பழுப்பு நிலக்கரியோடு வேலை பார்ப்பவர்களுக்கு ஒன்று சீக்கிரமே பிடிபட்டுவிடும்: இது வெளியூர் போகாத சரக்கு. லிக்னைட் என்றும் சொல்லப்படும் இந்த நிலக்கரியில், நெய்வேலியில் கிடைப்பதன் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். வெட்டியெடுத்த ஈரத்தோடு கையில் எடுத்தால் சில துண்டுகளில் மரத்தின் நார் அப்படியே தெரியும். வெயிலில் கிடந்தால் வெடித்து உதிரும். யார்டில் குவித்துக் கவனிக்காமல் விட்டால் உள்ளே சூடேறித் தானாகவே புகைய ஆரம்பிக்கும். அதனால்தான் சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே அனல்மின் நிலையத்தைக் கட்டி, கன்வேயரில் நேராகக் கொதிகலனுக்கு மேலிருக்கும் பங்கர் என்ற சேமிப்புத் தொட்டிக்கு அனுப்புகிறோம். தொலைதூரம் ரயிலேற்றினால் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் கூலி கொடுக்க வேண்டும்.

பல நாடுகளின் நிலக்கரி நுகர்வுக் கணக்கைத் தொகுக்கும் வேலைக்கு மாறிய பிறகுதான் இதன் முழு அர்த்தம் எனக்குப் புரிந்தது. கப்பலில் வரும் கருப்பு நிலக்கரி குறைந்தால் எங்கோ ஒரு துறைமுகத்தில் வரத்து குறையும். பழுப்பு நிலக்கரி குறைந்தால் ஓர் ஊரின் பிழைப்பே குறையும்.

வரைபடத்தில் ஜெர்மனியின் கோடு எப்படி இறங்குகிறது என்று பாருங்கள். 1989-ல் கிழக்கு ஜெர்மனி மட்டும் சுமார் 30 கோடி டன் தோண்டியது. நாடு இணைந்த பின் பத்தாண்டுக்குள் அது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனது. 2024-ல் ஜெர்மனி முழுவதும் சேர்த்தே 10 கோடி டன் இல்லை. சுற்றுச்சூழலுக்கு நல்லதுதான், அதை மனதார ஏற்கிறேன். ஆனால் ஹோயர்ஸ்வெர்டா என்ற ஊரைப் பற்றிப் படித்த அன்று வேலை ஓடவில்லை. நிலக்கரித் தொழிலாளர்களுக்காகவே விரிவாக்கிய ஊர் அது. எங்கள் டவுன்ஷிப்பின் பிளாக்குகளைப் போலவே எண் போட்ட குடியிருப்புகள். 70 ஆயிரத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை இன்று பாதிகூட இல்லை. ஆளில்லாத அடுக்குமாடிகளை இடித்துத் தள்ளிவிட்டார்கள்.

கிரீஸிலும் இறக்கம் செங்குத்தானது. 2000களின் தொடக்கத்தில் ஆண்டுக்குச் சுமார் 7 கோடி டன் எரித்த நாடு அது. இன்று அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. போலந்தின் பெல்ஹாத்தூவ், துருக்கியின் எல்பிஸ்தான் அனல்மின் நிலையங்கள் இன்னும் பழுப்பு நிலக்கரியை எரிக்கின்றன. இறங்கிய கோடு திரும்பி ஏறுவதும் உண்டு. 2022-ல் எரிவாயு விலை எகிறியபோது, ஒதுக்கி வைத்த லிக்னைட் யூனிட்டுகளை ஜெர்மனி மறுபடி ஓட்டியது.

நெய்வேலியில் 1962-ல் மின்சாரம் தரத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் 2020-ல் நின்றது. அதன் இடத்தைப் பிடிக்கப் புதிய நிலையம் வந்ததால், ஊர் அதை ஒரு முடிவாக உணரவில்லை.

எவ்வளவு குறைகிறது என்பதைவிட, எவ்வளவு முன்கூட்டிச் சொல்கிறார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஹேசல்வுட் நிலையத்தை மூடும் அறிவிப்பு 2016 நவம்பரில் வந்தது, 2017 மார்ச்சில் மூடிவிட்டார்கள். அதே பள்ளத்தாக்கில் யலோர்ன் நிலையம் 2028-ல் மூடப்படும் என்று 2021-லேயே சொல்லிவிட்டார்கள். எங்களுக்கும் ஒரு நாள் தேதி குறிக்கப்படும். அதை ஏழு வருடம் முன்பே சொல்ல வேண்டும். நிரந்தர ஊழியர்களுக்கு மட்டுமல்ல, ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும், சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பங்களுக்கும்.