மார்க்கேஸின் மூவாயிரம் பேர்

ஜூன் 9, 2024, ஞாயிறு

தேர்தல் முடிவு அமளியெல்லாம் ஓய்ந்து இன்றுதான் உருப்படியாக ஒரு விடுப்பு. கொலம்பிய நாவலாசிரியர் காப்ரியேல் கார்சியா மார்க்கேஸின் தன்வரலாற்றை மறுபடி எடுத்தேன். 2002இல் வந்த புத்தகம். அதில் எனக்குப் பிடித்தவை பத்திரிகை அலுவலகப் பகுதிகள்தான்.

தலைநகர் பொகோட்டாவில் சட்டம் படித்துக்கொண்டிருந்தார். 1948 ஏப்ரல் 9 அன்று லிபரல் கட்சித் தலைவர் காய்த்தானை நடுத்தெருவில் சுட்டுக்கொன்றார்கள். நகரம் பற்றி எரிந்தது. பல்கலைக்கழகத்தை மூடிவிட, கரீபியக் கடற்கரையிலிருக்கும் கார்த்தஹேனாவுக்குப் போய் 'எல் உனிவர்சால்' நாளிதழில் சேர்ந்தார். வயது 21. அங்கே ஆசிரியராக இருந்த சபாலா சிவப்புப் பென்சிலும் கையுமாக இருப்பவர். பையனின் முதல் கட்டுரையை அடித்து அடித்து, வரிகளுக்கு நடுவே தானே திருத்தி எழுதினாராம். இன்று ஒரு காப்பியை அப்படித் திருப்பிக் கொடுத்தால் பையன் அடுத்த வாரம் வேறு பத்திரிகையில் இருப்பான்.

ஜூன் 12, புதன்

1950இல் பர்ராங்கீயா நகரம். அங்கே 'எல் எரால்தோ' நாளிதழில் 'ஒட்டகச்சிவிங்கி' என்று ஒரு பத்தி, செப்டிமஸ் என்ற புனைபெயரில். தங்கியது பாலியல் தொழில் நடக்கும் ஒரு கட்டடத்து அறையில், ஒரு ராத்திரிக்கு ஒன்றரை பெசோ. காசில்லாத நாளில் முதல் நாவலின் கையெழுத்துப் பிரதியை வாசல்காரரிடம் ஈடாக வைத்துவிட்டு மாடியேறுவார். அதே நாவலை புவெனோஸ் அயரெஸ் பதிப்பகம் ஒன்று வேண்டாமென்று திருப்பி அனுப்பியது. வாசல்காரருக்கு இருந்த நம்பிக்கை பதிப்பாளருக்கு இல்லை.

ஜூன் 16, ஞாயிறு

மார்க்கேஸின் 'கப்பல் உடைந்த மாலுமியின் கதை'யை இன்று முழுதாக வாசித்தேன். நிருபராகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே இதைக் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

1955 பிப்ரவரி 28. அமெரிக்காவின் மொபீல் துறைமுகத்திலிருந்து ஊர் திரும்பிய கொலம்பியக் கடற்படைக் கப்பல் 'கால்தாஸ்' எட்டுப் பேரைக் கடலில் இழந்தது. தப்பியது வெலாஸ்கோ ஒருவர்தான். மிதவையில் பத்து நாள் கிடந்து கரையேறினார். நாடே கொண்டாடியது. விளம்பரங்களும் வந்தன: கைக்கடிகாரத்துக்கு, அது கடலிலும் நிற்காமல் ஓடியதால், காலணிக்கு, பசியில் பிய்த்துத் தின்னப் பார்த்தும் கிழியாததால்!

எல்லாம் ஆறிப்போன பிறகு அவரே பொகோட்டாவின் 'எல் எஸ்பெக்டதோர்' நாளிதழ் அலுவலகத்துக்கு வந்து கதையை விற்கப் பார்த்தார். பழைய செய்தி என்று அனுப்பிவிட்டார்கள். ஆசிரியர் கியெர்மோ கானோவுக்கு ஏதோ பொறி தட்டி, ஆளைத் திரும்பக் கூப்பிட்டு, அப்போது அங்கே நிருபராக இருந்த மார்க்கேஸிடம் ஒப்படைத்தார். தினம் ஆறு மணி நேரம் வீதம் இருபது அமர்வுகள். சொன்னதையே வேறு பக்கமாகக் கேட்டு, முரண்படுகிறாரா என்று சின்னச் சின்னப் பொறிகளும் வைத்தார் மார்க்கேஸ். நாலாவது அமர்வில் புயலை விவரிக்கச் சொன்னபோது மாலுமி சிரித்துக்கொண்டே சொன்னார்: புயலே அடிக்கவில்லை.

அங்கேதான் கதை திரும்புகிறது. கப்பல் மேல்தளத்தில் சரியாகக் கட்டாமல் குளிர்சாதனப் பெட்டிகளும் தொலைக்காட்சிப் பெட்டிகளும் துணி துவைக்கும் இயந்திரங்களும் இருந்தன. எல்லாம் கடத்தல் சரக்கு. காற்றில் கப்பல் சாய, சரக்கோடு ஆட்களும் போனார்கள். ரோஹாஸ் பினீயாவின் சர்வாதிகார ஆட்சி அப்போது. அரசு மறுத்தது. பத்திரிகை மற்ற மாலுமிகள் எடுத்திருந்த புகைப்படங்களைத் தேடி வாங்கிப் போட்டது; பெட்டிகளின் கம்பெனிப் பெயர்கூடத் தெரிந்தது.

பதினான்கு நாள் வந்த அந்தத் தொடர் 'நான்' என்று மாலுமி பேசுவதாகவே போகும். பெயரும் அவர் பெயர்தான். 1970இல் புத்தகமானபோதுதான் மார்க்கேஸின் பெயர் அட்டையில் ஏறியது. இருபது வயது மாலுமியின் பசிக்குள்ளும் பயத்துக்குள்ளும் புகுந்து எழுதிய இந்த வேலையைவிட நாவலுக்கு வேறென்ன பயிற்சி வேண்டும்? பத்திரிகையை உதறிவிட்டு இலக்கியத்துக்கு வந்தார் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

ஜூன் 18, செவ்வாய்

1955லேயே பத்திரிகை அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. 1956 தொடக்கத்தில் பத்திரிகையே மூடப்பட, பாரிஸில் சம்பளமில்லாமல் மாட்டிக்கொண்டார். ஒவ்வொரு வெள்ளியும் தபாலில் பென்ஷன் கடிதம் வருமா என்று காத்திருக்கும் கர்னலின் கதையை அப்போதுதான் எழுதினார். அவரும் ஊரிலிருந்து வரவேண்டிய பணத்துக்குக் காத்திருந்தவர்தானே.

ஜூன் 20, வியாழன்

கள்ளக்குறிச்சி கள்ளச்சாராயச் சாவுகள். வேறெதுவும் ஓடவில்லை. முதல் பதிப்பில் போட்ட சாவு எண்ணிக்கை நகரப் பதிப்பு போவதற்குள் பழையதாகிவிட்டது. பக்கத்தைத் திறந்து திறந்து எண்ணை மட்டும் மாற்றினோம்.

ஜூன் 23, ஞாயிறு

ஐம்பதைத் தாண்டிவிட்டது.

தன்வரலாற்றில் வாழைத்தோட்டப் படுகொலை பற்றிய பகுதிக்குப் போனேன். 1928 டிசம்பரில், யுனைடெட் ஃப்ரூட் கம்பெனிக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களை சியெனகா ரயில் நிலையச் சதுக்கத்தில் ராணுவம் சுட்டது. பக்கத்து ஊரான அரகாடகாவில் மார்க்கேஸ் அப்போது கைக்குழந்தை. எத்தனை பேர் செத்தார்கள் என்பது இன்றுவரை தகராறு. அவர் உயிர் பிழைத்தவர்களிடம் கேட்டார், பழைய நாளிதழ்களையும் அரசு ஆவணங்களையும் புரட்டினார், ஒன்றும் பிடிபடவில்லை. 'தனிமையின் நூறு ஆண்டுகள்' நாவலில் மூவாயிரம் என்று வைத்தார். கதையின் காவிய அளவுக்கு அது தேவைப்பட்டது என்று அவரே சொல்கிறார். பிற்பாடு ஒரு நினைவு நாளில், செனட்டில் பேசிய ஒருவர் அந்த மூவாயிரம் தியாகிகளுக்காக மௌன அஞ்சலி கேட்டாராம்!

யானைகள் பறந்தன என்றால் நம்பமாட்டார்கள், 425 யானைகள் என்றால் நம்பக்கூடும் என்று ஒரு பேட்டியில் சொன்னவர் அவர். அந்த நாவலின் கற்பனை ஊரான மகோண்டோவில் மழை நாலு வருடம், பதினோரு மாதம், இரண்டு நாள் பெய்யும். இதெல்லாம் பத்திரிகை டெஸ்கில் கற்ற வித்தை. மழைக்கு ரசிக்கிறேன். பிணங்களுக்கு என்று வரும்போது, அதுவும் இந்த வாரம், தொண்டையில் சிக்குகிறது. அரசு மறைத்த சாவுகளை ஒரு நாவல்தான் உலகத்துக்குச் சொன்னது என்பதும் உண்மைதான். ஆனாலும்.

டெஸ்கில் அண்ணாச்சியிடம் கேட்டேன்: "மூவாயிரம்னு போட்டது தப்பா அண்ணாச்சி?"

"நாவல்ல போட்டா தப்பில்லடே. நீ போட்டா வேலை போயிரும். மொதல்ல அந்த நிருபருக்குப் போனைப் போட்டு நம்பரைக் கேளு."

ஜூன் 27, வியாழன்

1951இல் சுக்ரே என்ற ஊரில் அவர் நண்பர் வெட்டிக் கொல்லப்பட்டார். உடனே எழுதத் துடித்தவரை அம்மா தடுத்துவிட்டார். இறந்தவரின் தாய் உயிரோடு இருக்கும்வரை எழுதக்கூடாது என்று. நாவல் வந்தது 1981இல். அதில் கதைசொல்லி ஊர் முழுக்க விசாரித்துத் திரிகிறான். அன்று காலை மழையா வெயிலா என்பதில்கூட ஊருக்குள் ஒத்த கருத்து இல்லை. சாட்சிகளிடம் பேட்டி எடுத்துப் பழகியவனுக்குத்தான் அது வரும்.

ஜூன் 30, ஞாயிறு

1982இல் நோபல். அதற்கப்புறம் மனுஷன் சும்மா இருக்கவில்லை. 1994இல் கார்த்தஹேனாவில் பத்திரிகையாளர்களுக்குப் பயிற்சி தர ஒரு அறக்கட்டளை தொடங்கினார். போதைப்பொருள் கடத்தல் தலைவன் பாப்லோ எஸ்கோபாரின் ஆட்கள் செய்த ஆள்கடத்தல்கள் பற்றிய முழுநீளச் செய்திப் புத்தகத்தை 1996இல் கொண்டுவந்தார். டேப் ரெக்கார்டர் மேல் அவருக்குக் கடைசிவரை எரிச்சல். அது பதிவு செய்யுமே தவிர யோசிக்காது என்பார். போனில் பதிந்ததை அப்படியே தட்டச்சு செய்து அனுப்பும் எங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னேன், சிரித்தார்கள்.

எனக்கு ஒத்துவராதது கியூபாவை ஆண்ட காஸ்ட்ரோவின் சிநேகம். அந்த மாலுமி புத்தகத்தைப் படித்துவிட்டு, படகின் வேகக் கணக்கு தப்பு என்று காஸ்ட்ரோ வந்து சொன்னாராம். அதற்கப்புறம் மார்க்கேஸ் தன் கையெழுத்துப் பிரதிகளை அவரிடம் படிக்கக் கொடுக்கலானார். பிழை திருத்த நல்ல கண்தான், மறுக்கவில்லை. ஆனால் மாலுமியைப் பொறி வைத்துக் கேட்ட ஆள், எத்தனை எழுத்தாளர்களை உள்ளே வைத்திருக்கிறீர்கள் என்று காஸ்ட்ரோவிடம் ஒரு எண் கேட்டு அச்சில் போட்டிருக்கலாம். சிலரை விடுவிக்கத் தனியாகப் பேசினார், சரி. அதை நிருபராக எழுதவில்லை.