அறிக்கையில் ‘மார்ஃபின்’ என்று இருந்தால்

சிங்கப்பூரில் காரணம் தெரியாத மரணங்கள் மரண விசாரணை அதிகாரியின் பார்வைக்குச் செல்லும். பிரேதப் பரிசோதனையில் எடுக்கும் மாதிரிகள் நச்சியல் ஆய்வுக்குப் போகும். அந்த அறிக்கையில் ‘மார்ஃபின்’ என்ற சொல்லைக் கண்டதும் நம் குடும்பங்கள் இடிந்துபோகின்றன, ஏனெனில் இந்த ஊரில் அச்சொல் உடனே ஹெராயினைத்தான் நினைவூட்டுகிறது. ஆனால் புற்றுநோய் வலிக்குக் கொடுப்பதும் மார்ஃபின்தான். இருமல் மருந்திலுள்ள கோடீனின் ஒரு பகுதியும் கல்லீரலில் மார்ஃபினாகிறது.

ஹெராயினை அடையாளம் காட்டுவது, அது உடலில் சிதையும்போது உருவாகும் 6-அசெட்டில்மார்ஃபின் என்ற வளர்சிதைப் பொருள். மார்ஃபினிலிருந்தோ கோடீனிலிருந்தோ அது உடலில் உருவாவதில்லை. இரத்தத்தில் விரைவில் மறைந்துவிடும் என்பதால் சிறுநீரிலும், விழிக்கோளத்தை நிரப்பியிருக்கும் கூழ்ம நீரிலும் எங்கள் ஆய்வகத்தில் அதைத் தேடுகிறோம்.

மாதிரியிலிருந்து மருந்தைப் பிரித்தெடுக்கும் முறை இங்கேதான் முக்கியமாகிறது. உடலில் மார்ஃபினின் பெரும்பகுதி, சர்க்கரை சார்ந்த ஓர் அமிலத்துடன் சேர்ந்து குளுகுரோனைடாகப் பிணைந்திருக்கும். வலுவான அமிலத்தில் சூடாக்கினால் அப்பிணைப்பு விரைவாக அறுபடும். ஆனால் அதே சூட்டில் 6-அசெட்டில்மார்ஃபினும் சிதைந்து மார்ஃபினாகிவிடுவதால், ஹெராயினுக்கான சான்றை ஆய்வகமே அழித்ததாகிவிடும். ஆகவே மாதிரியின் ஒரு பகுதியைப் பிணைப்பை அறுக்காமல் பிரித்தெடுத்து, இன்னொரு பகுதியில் மட்டும் அப்பிணைப்பை மென்மையாக அறுக்கும் பீட்டா குளுகுரோனிடேஸ் நொதியைச் சேர்ப்பதே முறை என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். இதில் அவசரம் கூடாது.

இறந்தவரின் இரத்தம் உறைந்தும், செல்கள் உடைந்தும், சில வேளை அழுகத் தொடங்கியும் வரும். அமிலத்தன்மையை மாறாமல் வைக்கும், பிஎச் 6 உள்ள பாஸ்பேட் தாங்கல் கரைசலில் நீர்க்கச் செய்து, டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) ஏற்றிய மார்ஃபினை அளவறிந்து கலந்து, மையவிலக்கியில் சுழற்றி, தெளிந்த மேல்பகுதியை மட்டும் மருந்தைப் பிடித்துவைக்கும் பொருள் நிரப்பிய சிறு குழாயான காட்ரிட்ஜில் மெல்ல இறக்குகிறோம். அந்த பிஎச் அளவில் மார்ஃபின் நேர்மின்னூட்டம் பெற்று உள்ளிருக்கும் அயனிப் பரிமாற்றியைப் பற்றிக்கொள்ளும்; மெத்தனாலால் கழுவும்போது கொழுப்பும் நிறமும் வெளியேற, அது மட்டும் அசையாது. அம்மோனியா கலந்த கரைப்பானை ஊற்றியதும் மின்னூட்டம் இழந்து இறங்கி வரும். வழியில் எவ்வளவு மார்ஃபின் இழந்தாலும் டியூட்டீரிய மார்ஃபினும் அதே விகிதத்தில் இழக்கப்படுவதால், மூலக்கூறுகளை நிறையால் பிரித்தறியும் நிறை நிறமாலைமானியில் இரண்டையும் ஒப்பிட்டு அளவைக் கணக்கிட முடிகிறது.

அந்த எண்ணைப் படிப்பவர்கள், அது பிணையாத தனி மார்ஃபினா, பிணைப்பை உடைத்தபின் கிடைத்த மொத்த மார்ஃபினா என்று அவசியம் கேட்க வேண்டும். இரத்தம் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் கேட்க வேண்டும்: இறந்தபின் உறுப்புகளிலிருந்து பல மருந்துகள் கசிந்து இதய இரத்தத்தில் அளவைக் கூட்டிவிடக்கூடும் என்பதால், தொடைச் சிரையின் இரத்தத்தையே நாங்கள் நாடுகிறோம்.