பிளஸ் 2 கணினி செய்முறைத் தேர்வு: மனப்பாடம் கைவிடும் இடங்கள்

கணினி அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. அந்த 20 சும்மா கிடைப்பது, பயிற்சிகளை ஒப்பித்தால் போதும் என்ற பேச்சு தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிறையவே உண்டு. ஒப்பித்ததைத் தாளில் எழுதிவிடலாம். கம்ப்யூட்டரில் அது ஓட வேண்டுமே!

பட்டியலிலிருந்து ஒற்றைப்படை எண்களை நீக்கும் பைத்தான் நிரல்மொழிப் பயிற்சியைப் பாருங்கள். 1 முதல் 10 வரை லிஸ்ட்டில் போட்டு, ஃபார் சுற்றுக்குள் ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒற்றைப்படை வந்தால் ‘டெல்’ கொடுத்து நீக்குகிறோம். விடை சரியாகவே வரும். ஒற்றையும் இரட்டையும் மாறி மாறி நிற்பதால் நிரல் தப்பிக்கிறது, அவ்வளவுதான். 1, 3, 5, 2 என்று கொடுத்துப் பாருங்கள். 1 போனதும் 3 முதல் இடத்துக்கு நகரும். சுற்று அடுத்து இரண்டாம் இடத்தைப் பார்க்கும். அங்கே நிற்பது 5, அதுவும் போய்விடும். கடைசியில் 3, 2 மிஞ்சும். சுற்றிக்கொண்டிருக்கும் லிஸ்ட்டிலேயே கை வைத்தால் இப்படித்தான் ஆகும். இரட்டைப்படை எண்களை மட்டும் வேறொரு லிஸ்ட்டில் ‘அப்பெண்ட்’ கொடுத்துச் சேர்த்துவிட்டால், தேர்வாளர் எந்த எண்களை மாற்றிக் கொடுத்தாலும் பயமில்லை.

விவரங்களைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் சிஎஸ்வி ஃபைல் பயிற்சியில் மூன்று பொறிகள். ஃபைலை எழுதத் திறக்கும்போது ‘நியூலைன்’ என்பதற்குக் காலி மேற்கோள் கொடுக்காவிட்டால், விண்டோஸில் ஒவ்வொரு வரிக்கும் இடையே ஒரு வெற்று வரி விழும். ஃபோல்டர் பெயர் ‘நியூ’ அல்லது ‘டெஸ்ட்’ என்றிருந்து, அதன் முன்னால் ஒற்றைப் பின்சாய்வுக்கோடு போட்டால், பைத்தான் முதலாவதைப் புது வரியாகவும் இரண்டாவதை டேப் ஆகவும் படித்துவிடும்; பின்சாய்வுக்கோட்டை இரட்டையாகப் போடுங்கள். மூன்றாவதுதான் பிள்ளைகளை அழவைப்பது: நிரலையே ‘சிஎஸ்வி’ என்ற பெயரில் சேமிப்பது. இம்போர்ட் செய்யும்போது பைத்தான் அதே பெயரிலுள்ள தன் சொந்த மாட்யூலை (தயார் நிரல் தொகுப்பை) விட்டுவிட்டு இந்த ஃபைலை எடுத்துக்கொள்ளும். ரீடர் இல்லை, ரைட்டர் இல்லை என்று திட்டும். நிரலில் எத்தனை முறை தேடினாலும் பிழை கண்ணில் படாது.

டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்க்யூஎல்லில் எண்டர் தட்டியபின் அம்புக்குறி மட்டும் வந்து நின்றால் அரைப்புள்ளியை மறந்திருக்கிறீர்கள்; அதை மட்டும் போட்டு எண்டர் தட்டினால் போதும். அம்புக்குறியில் ஒற்றை மேற்கோள் ஒட்டியிருந்தால் மேற்கோளை மூடவில்லை என்று பொருள். மேற்கோளையும் அரைப்புள்ளியையும் போட்டு வெளியே வந்து, கட்டளையை முதலிலிருந்து அடியுங்கள். டேபிளுக்கு முன் ‘யூஸ்’ கொடுத்து டேட்டாபேஸைத் தேர்ந்தெடுக்க மறக்க வேண்டாம்.

மாணவர் டேபிளில் ஊர்ப் பெயர் போடும்போது நம் ஊர்களே காலை வாரும். பாலக்கோட்டை ஆங்கிலத்தில் ஒரு வரியில் ‘பாலகோட்’ என்றும் இன்னொரு வரியில் ‘பாலக்கோடு’ என்றும் அடித்தால், தேடிப் பிடிக்கும் ‘வேர்’ நிபந்தனை ஒன்றை மட்டுமே பிடிக்கும். மைஎஸ்க்யூஎல் வழக்கமான அமைப்பில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காது. பைத்தானோடு வரும் இன்னொரு டேட்டாபேஸான எஸ்க்யூலைட் பார்க்கும். மைஎஸ்க்யூஎல்லில் பழகிய அலட்சியத்தோடு எஸ்க்யூலைட்டுக்கு வந்தால் ஒரு வரிகூட வராது.

பெயரும் பிறந்த தேதியும் சேமித்து, தேதியின் இறங்கு வரிசையில் காட்டும் பயிற்சி எஸ்க்யூலைட்டில்தான். அதற்குத் தேதி என்று தனி வகை கிடையாது, எழுத்தாகவே வரிசைப்படுத்தும். நாம் பழகியபடி 15-06-2007, 03-11-2008 என்று கொடுத்தால் 2007இல் பிறந்தவர் மேலே வந்துவிடுவார், 1 என்பது 0-வைவிடப் பெரியது என்பதால். 2008-11-03 என்று ஆண்டை முதலில் அடியுங்கள். சேமிக்கச் சொல்லும் ‘கமிட்’ இல்லையென்றால் திரையில் தெரிந்த விவரம் அடுத்த முறை திறக்கும்போது இருக்காது. அதே நிரலை இரண்டாம் முறை ஓட்டினால் ‘டேபிள் ஏற்கெனவே உள்ளது’ என்று நிற்கும். ‘கிரியேட் டேபிள்’ என்பதோடு ‘இஃப் நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ சேர்த்துவிடுங்கள்.

வரைபடப் பயிற்சிக்கு மேட்பிளாட்லிப் என்ற பைத்தான் பொதி வேண்டும். இதைத் தேர்வன்று பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. பொதிகளை நிறுவும் ‘பிப்’ கட்டளைக்கு இணையம் தேவை; சித்தேரி, பெட்டமுகிலாளம் போன்ற மலைப்பக்கம் அதை நம்பி உட்கார முடியாது. இணையம் உள்ள கம்ப்யூட்டரில் ‘பிப் டவுன்லோட்’ கொடுத்தால் நம்பை உட்படத் துணைப் பொதிகளும் சேர்ந்து இறங்கும். அந்த ஃபோல்டரைப் பென் டிரைவில் கொண்டுவந்து, ‘நோ இண்டெக்ஸ்’, ‘ஃபைண்ட் லிங்க்ஸ்’ என்ற இரண்டு தெரிவுகளோடு நிறுவலாம். இரண்டு கம்ப்யூட்டரிலும் பைத்தான் பதிப்பும், 32 பிட்டா 64 பிட்டா என்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். லேபில் விண்டோஸ் 7 ஓடினால் அதில் பைத்தான் 3.8க்கு மேல் ஏறாது. இறக்கும் கம்ப்யூட்டரிலும் 3.8 போட்டுக்கொண்டு தொடங்குங்கள்.